அக்காவின் பத்து

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஊரைவிட ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அதில் பழுது ஒன்றும் இல்லை. அப்பாதான் அப்படி வைத்திருந்தார். கீழே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எல்லோருக்கும் ஆறு இருபத்தைந்தாக இருக்கும்போது, நாற்பத்திரண்டு படி ஏறி வந்தால் எங்கள் வீட்டில் ஆறரை ஆகியிருக்கும். மலையில் ஏற ஏற நேரமும் ஏறும் போல என்று சின்ன வயதில் நம்பினேன். மாலையானால் மகாவலி ஆற்றிலிருந்து பனி எழும்பி ஒவ்வொரு படியாக மேலே வரும். அது வாசலைத் தொடும்போது கடிகாரம் அடிக்கும். பனிதான் நேரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறரைக்கு அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. செபமாலை முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். தட்டவும் கூடாது. அந்த மாதாவே வந்து நின்றாலும் செபம் முடியும்வரை வெளியே நிற்கத்தான் வேண்டும் என்று அம்மா ஒருநாள் முணுமுணுத்தாள், அப்பாவின் காதுக்கு எட்டாத தூரத்தில்.

சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிரிப்புச் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாது, ஜன்னலோரம் நிற்கக் கூடாது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதானால் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். சாப்பிடும்போது வாய் மெல்லுவதற்கு மட்டும். ஒருநாள் பலாக்கொட்டைக் கறி சாப்பிடும்போது அண்ணன் ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டான். எதற்குச் சிரித்தாய் என்று அப்பா கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டான். இப்போது கட்டாரிலிருந்து போன் எடுக்கும்போது கேட்டாலும் சொல்லமாட்டான். மறந்திருக்கும், பாவம்.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. குரலைக்கூட உயர்த்தமாட்டார். சொன்னது சொன்னதுதான், அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, டவுன் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக வந்தவர். தோட்டத்தில் விடிகாலையில் எல்லோரும் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். அவருடைய அம்மா கைக்குழந்தையோடு ஓடி ஓடிப் போயும் பிந்தி, அழுதுகொண்டே திரும்பி வந்த காலைகளை அவர் பார்த்திருக்கிறார். இதை அம்மா சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். லயத்தை விட்டு வந்தவர் பெரட்டை மட்டும் விடாமல் கொண்டுவந்துவிட்டார்.

செபமாலைக்கு ஐந்து பத்து, ஒவ்வொரு பத்துக்கும் பத்து மணி, மணிக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம். நாங்களும் ஐந்து பேர். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னின்று சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் பத்து அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது அக்காவுக்கு, நான்காவது அண்ணனுக்கு, கடைசி எனக்கு. முழங்காலில் நிற்கும் இடமும் அதே வரிசை. அதனால் கதவோரம் என் இடம். தாழ்ப்பாள் என் தோளுக்கு நேரே இருந்தது. பத்து என்றால் பத்து. கவனம் பிசகி ஒன்பதில் நிறுத்தினாலும் பதினொன்றுக்குப் போனாலும் அப்பா கையை உயர்த்துவார். முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பேராதனையில் கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். அங்கிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து மடவளை பஸ், பிறகு எங்கள் படிகள். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த ஒரு ஐப்பசி மழைநாளில் அவள் முதல்முறையாகப் பிந்தினாள். தாழ்ப்பாள் விழுந்த பிறகு அவள் செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்து நின்றது. அப்பா திரும்பவில்லை. அவர் பத்து முடிந்தது. அம்மாவின் பத்தும் முடிந்தது. மூன்றாவதற்கு அப்பா, ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் வரும் பரலோக மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினார்.

அப்போது மழைக்குள்ளிருந்து, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் குரல் வந்தது.

“அருள் நிறைந்த மரியாயே வாழ்க...”

நாங்கள் உள்ளேயிருந்து பதில் சொன்னோம். ஒரு கதவின் இரண்டு பக்கமுமாக அந்தப் பத்து நடந்தது. மழை கூரையைப் போட்டு அடித்ததில் அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி இருந்தது. சரியாகப் பத்து சொன்னாள். எல்லாம் முடிந்து அப்பா கதவைத் திறந்தார். “தலையத் தொவட்டு,” என்றார். அவ்வளவுதான். அம்மா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு ஒரே போர்வைக்குள் அக்காவும் நானும் சத்தம் வராமல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிற்றுத் தசையெல்லாம் வலித்தது. எங்களுக்கு அது பெரிய வெற்றி. சட்டத்துக்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாளே!

இரண்டு கிழமை கழித்து மறுபடி பிந்தினாள். மழை இல்லை. வெளியே பனி. அப்பாவின் பத்து தொடங்கும்போதே செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் அவள் பாதங்களின் நிழல் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் போதும், ஒரு விரலால் தாழ்ப்பாளைத் தள்ளியிருக்கலாம். நான் தள்ளவில்லை. ஊர் நேரப்படி அன்றைக்கு அவள் மூன்று நிமிடம் முந்தியே வந்திருக்கிறாள். எங்கள் வீட்டு நேரத்துக்குத்தான் பிந்தியவள். இதைப் பிறகு அவளே சொன்னாள். கேட்டபோது எனக்கு அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கி ஆற்றில் எறிய வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது பத்து வந்தது. அப்பா பரலோக மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினார். வெளியே சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தார். அந்த நிழல் ஒருமுறை அசைந்தது. பிறகு கதவின் கீழே வெறும் பனி மட்டும் இருந்தது. படியிறங்கும் சத்தத்தை இருபதுவரை எண்ணினேன். அதற்குமேல் கேட்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் பெருவிரல் முதல் மணியில் இருந்தது. ஒன்றும் பேசாமல் அதை நகர்த்தினார். அடுத்ததை நகர்த்தினார். பத்தும் நகர்ந்த பிறகு, “பிதாவுக்கும் சுதனுக்கும்,” என்றார். அண்ணன் தன் பத்தைத் தொடங்கினான்.

செபம் முடிந்ததும் அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்.

மூன்றாம் நாள் அம்மாவுக்குக் கடிதம் வந்தது. தெல்தோட்டையில், தன்னோடு வேலை செய்யும் சிநேகிதியின் வீட்டில் இருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். சுகமாக இருக்கிறாளாம், வரமாட்டாளாம். அம்மா கடிதத்தை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் படித்தார், மடித்தார், சாப்பிட்டார். அன்று மாலையும் மூன்றாவது பத்தில் அதே மௌனம். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

பத்து மணிகள் நகர ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுக்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் நான் வளர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அது பேராதனைப் பூந்தோட்டத்து வௌவால்கள் கிளம்பும் நேரம். கண்ணை மூடினால் நானும் அவற்றோடு கிளம்பிவிடுவேன். ஆறு கீழே ஈயத்தகடாகக் கிடக்கும். தெல்தோட்டைக்குப் போகும் கலஹா ரோட்டில் வளைந்து வளைந்து ஏறும் கடைசி பஸ்ஸின் வெளிச்சம் தெரியும். தேயிலைக்கு மேலே பனி படுத்திருக்கும். ஒரு வீட்டின் பின்பக்கம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். நான் கூப்பிடுவேன், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். சில நாள் ஏதோ சொல்லவும் சொல்வாள், எனக்குத்தான் கேட்காது. பத்தாவது மணிக்குள் திரும்பி வந்து என் முழங்கால் வலிக்குள் இறங்கிவிட வேண்டும். பிந்தக் கூடாதே.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுப் பயனில்லை.

எனக்குப் பதினாறு வயதானபோது, கோவில் நவநாள் செபத்துக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் டவுனில் அக்காவைச் சந்தித்தோம். வாவிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கடலை வாங்கப் போனாள். தண்ணீரில் மரநிழல்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. அக்கா அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என் பத்த இப்ப யாரு சொல்றா?”

“யாரும் சொல்றதில்ல. அப்பா சும்மா மணிய உருட்டுறாரு. நாங்க பேசாம முட்டி போட்டிருக்கோம்.”

“செத்தவங்களுக்கு மௌனமா நிப்பாங்களே, அப்படியா?”

“ஆமா,” என்றேன். அதோடு விட்டேனா? “உன் பேர வெட்டிட்டாரு,” என்றும் சொன்னேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். பெரட்டுக்குப் பிந்தினவளுக்குப் பேர் இல்லை. அப்பா யாரிடமும் எதையும் விளக்கினவர் இல்லை. கேட்கிற தைரியமும் எங்களுக்கு இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வயதில் எனக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம். அக்காவும் என்னோடு சேர்ந்து அவரை வெறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லையே, அவள்தானே.

அக்கா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “சரி. செத்தவ செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்,” என்றாள். அம்மா கொண்டுவந்த கடலையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை.

தெல்தோட்டைக்கும் எங்கள் வீட்டுக்கும் இரண்டு மணித்தியால பஸ் பயணம். அதைத் திரும்பிக் கடக்க அவளுக்கு இருபத்து மூன்று வருடம் பிடித்தது. அக்கா சிநேகிதியின் அண்ணனைக் கல்யாணம் செய்தாள். பாலர் பாடசாலையில் டீச்சரானாள். நானும் கல்யாணம் செய்து, அம்மாவுக்கு முடியாமல் போனபோது கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் கட்டாருக்குப் போனதும் அவன் பத்து என் கணவருக்குக் கிடைத்தது. மூன்றாவது மட்டும் அப்படியே இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு அம்மா செத்தாள். அக்கா கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் நின்றாள், சேமக்காலைக்கும் வந்தாள். குழிக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் மண்ணையே பார்த்தார்கள். வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டபோது தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திரும்பும் வழியில் அப்பா என்னிடம், புள்ள சாப்பிட்டுச்சா என்று கேட்டார். என் மகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஆமா என்றேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த மாலை, அம்மாவின் பத்தையும் இனி நீயே சொல்லு என்று அப்பா என்னிடம் சொன்னார். செத்தவளின் பத்து முப்பத்தோராம் நாளில் கைமாறிவிட்டது. அப்போதாவது என் மரமண்டைக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சட்டம் போட்டவரைவிட சட்டத்துக்குள் வளர்ந்தவர்களைத்தான் அது அதிகம் ஆட்டிவைக்கும். எங்கே இருந்தாலும் ஆறு இருபதுக்கு எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பஸ் நெரிசலில் நின்றால் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கும். சிரித்தால் கை தானாகவே வாயைப் பொத்தும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மகள் வந்து, அம்மா தண்ணி குடிக்கட்டுமா என்று கேட்டாள். இந்த வீட்டில் யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, சத்தியமாக. என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். நான் இன்னமும் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குசினிக்குப் போய் லைட்டைக்கூடப் போடாமல் அழுதேன்.

இந்த வருடம் ஒன்பது வயதில் மகள் முதல் நன்மை, கோவிலில் முதல் நற்கருணை, வாங்கினாள். எங்கள் வீட்டில் முதல் நன்மை வாங்கினால் ஒரு பத்து கிடைக்கும். அன்று மாலை என் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். மூன்றாவது பத்தின் மௌனம் வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மௌனத்தைக் கேட்டு வந்தவள், அது தனக்காகத்தான் காலியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டாள் போல. நல்ல தெளிவான குரலில், “அருள் நிறைந்த...” என்று தொடங்கிவிட்டாள்.

அப்பா கையை உயர்த்தினார். எண்பது வயதுக் கை. குரலில் கோபம் இல்லை.

“அது வேணாம் பாப்பா. அந்தப் பத்துக்கு ஆள் இருக்கு.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மணியை நகர்த்தினார். இத்தனை வருடமும் நான் கல்லறை என்று நினைத்த இடத்தை, இந்த மனிதர் ஒருத்தி வந்து உட்காரட்டும் என்று துடைத்துத் துடைத்து வைத்திருந்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கதவைத் திறந்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்காவது பத்தின் பதில்களை இரைந்து சொன்னேன். ஆனால் ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை? தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். “ஆமா” சொன்னவளும் நான்.

மறுநாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன். மகள் செய்ததையும் அப்பா சொன்னதையும் அப்படியே சொன்னேன். வாவிக்கரையில் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். தெரியாமல் சொன்ன பொய்தான், ஆனால் பாதி வேண்டுமென்றே சொன்னது. அவள் பக்கம் பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கடிகாரம் இன்னும் அஞ்சு நிமிஷம் முந்திதான் ஓடுதா?” என்று மட்டும் கேட்டாள்.

ஓடுகிறது என்றேன். பெல் அடிச்சிருச்சு, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் போனது. ஒவ்வொரு மாலையும் படியில் கேட்கும் சத்தங்களை எண்ணினேன். பால்காரர், பக்கத்து வீட்டுப் பையன், நாய். பிறகு ஒருநாள் மழை விட்டு, பனி வழக்கத்தைவிட அடர்த்தியாக ஏறி வந்தது. வாசல் மாமரமே தெரியவில்லை. அப்பா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தன் கதிரையில் உட்கார்ந்தார். முழங்கால் விட்டுப்போய் இரண்டு வருடமாக அவருக்குக் கதிரைதான். அவர் பத்து முடிந்தது. நான் விட்டுக்கொடுத்திருந்த பாட்டியின் பத்தை மகள் சொல்லி முடித்தாள். அப்பா பரலோக மந்திரத்தைச் சொல்லி நிறுத்தினார்.

செருப்புச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவள் எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. குரல்தான் வந்தது. கரகரத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, படி ஏறிய களைப்போடு.

“அருள் நிறைந்த மரியாயே வாழ்க...”

அப்பாவின் விரல் மணியில் நின்றுபோனது. நான் எழுந்தேன். செபத்தின் நடுவில் அந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை. தாழ்ப்பாளைத் தள்ளினேன். இவ்வளவு லேசாகவா இருந்தது அது?

பனி உள்ளே வந்தது. அக்கா வாசற்படியில், ஈரத்தில், முழங்காலில் நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. உள்ளே வரவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை, கையில் செபமாலையும் இல்லை. விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றேன். என் கணவரும் மகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒருவர்தான் பதில் சொன்னார்.

ஏழு, எட்டு, ஒன்பது என்று பழக்கதோஷத்தில் நான் எண்ணினேன். பத்து வந்தது. அக்கா நிறுத்தவில்லை. பதினொன்று. நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். அது அவர் மடியிலேயே கிடந்தது. பன்னிரண்டு. அவள் அழுதுகொண்டே தொடங்குவாள், அவர் பாதியில் பிடித்து முடித்துவைப்பார். பதின்மூன்று, பதினான்கு. அப்பா கையை உயர்த்தவே இல்லை. இருபத்து மூன்றுக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.